கீழூர் எழுப்பும் வினா

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர்; எண்மர் எதிர்த்தனர். நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானித்த அவ்வவையில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தனர். உள்ளூர்ப் பிரதிநிதித்துவத்தின் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிரான்சில் குடியரசுத் தலைவரை ஐந்தாண்டுகளுக்கொருமுறையும், மண்டல, நகராட்சி மன்றங்களை ஆறாண்டுகளுக்கொருமுறையும் மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். சிற்றூருக்கும் மன்றமும் மேயரும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமையுடைய புதுச்சேரித் தமிழர், தம் ஊரிலிருந்தபடியே அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கின்றனர்.

ஆனால், 1880இலேயே நகராட்சிகளைக் கண்ட புதுச்சேரியின் நிலை என்ன? இங்கு 1968இல் நடந்த நகராட்சித் தேர்தல், 38 ஆண்டுகளுக்குப் பின் 2006இல்தான் மீண்டும் நடந்தது. அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. பத்தாண்டுகள் கடந்தும் அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. கடல் கடந்த நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழியுள்ள ஊரில், தெருவிளக்குக்குப் பொறுப்பேற்கும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை!

சிறிய ஆட்சிப்பகுதிக்கு முப்பது தொகுதிகள் கொண்ட சட்டமன்றமே போதும் என்பர் சிலர். சட்டமியற்றுவோர் வேறு, குப்பையும் குடிநீரும் கவனிப்போர் வேறு. இடஒதுக்கீட்டுச் சிக்கலையும் காரணம் காட்டுவர். அது தீர்க்கப்பட வேண்டிய சிக்கலேயன்றித் தேர்தலைத் தள்ளிப்போடும் சாக்கு ஆகாது. ஐந்தாண்டுக்கொருமுறை உள்ளாட்சித் தேர்தல் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஆணை. கீழூரில் ஒலித்த குரல் வார்டுதோறும் மீண்டும் ஒலிக்க வேண்டும்.