சக்கர வீட்டுக்கு மின்சாரம்

படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியை அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்கிறார்கள். பயணம் முடிந்ததும் அது வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். விருந்தாளி வந்தால் தங்கும் அறையாகும். அதற்கு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என மூன்று இணைப்புகள் வேண்டும்.

வில்லங்கம் மின்சாரத்தில்தான். நமக்கு வீடு முழுக்க 230 வோல்ட். அங்கே ஒரே வீட்டில் 120, 240 என இரண்டு உண்டு. 30 ஆம்பியர் வண்டிக்கு வேண்டியது 120 வோல்ட். ஆனால் அதன் பிளக்கிலும் மூன்று முனை. துணி உலர்த்தும் இயந்திரத்தின் பழைய 240 வோல்ட் பிளக்கிலும் மூன்று முனை. வீட்டு வேலையில் ஊறிய எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் 240 வோல்ட்டைக் கொடுத்துவிட்டால் மைக்ரோவேவ், ஏ.சி. எல்லாம் புகைந்துபோகும். 50 ஆம்பியர் வண்டிக்கோ நான்கு முனை. 240 வோல்ட் இணைப்பே சரி. ஆகவே, பிளக்கைச் செருகுமுன் மீட்டர் வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மற்ற இரண்டும் எளிது. தண்ணீருக்குத் தோட்டத்து ஹோஸ் ஆகாது. குடிநீருக்கென்றே உள்ள ஹோஸும், அழுத்தத்தைக் குறைக்கும் கருவியும் வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளேயே இறுகிவிடும். தொட்டி நிறையும்வரை மூடியே இருக்கட்டும்.

கழிவு அடைத்தால் நாற்றத்தோடு போகும். மின்சாரம் இரண்டாவது வாய்ப்புத் தராது.