ஏ16ஆ எம்16ஆ... எழுத்து மட்டும்தான் வேற!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன்னு சொன்னா நம்ம ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். "இவன்கிட்ட கேட்டா எந்த போன் வாங்கலாம்னு சொல்லுவான்." சம்பளம் இல்லாத வேலை, ஆனா லீவே கிடையாது :-)

போன வாரம் சித்தி பையன் கேட்டான். "அண்ணே, காரைக்குடி கடையில சாம்சங் ஏ சீரிஸ் ஒண்ணு காட்டுறாங்க. அதே நம்பர்ல எம் சீரிஸ் ஒண்ணு ஆன்லைன்ல இருக்கு. விலை நல்லா கம்மி. ஏ தானே ஒசத்தி? அதான் காசு ஜாஸ்தியா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா ஏன் அந்தப் பதில்னு சொல்றதுக்குத்தான் ஒரு பதிவு தேவைப்படுது.

16-ஐயே எடுத்துக்குவோம். 2024 அக்டோபர்ல கேலக்ஸி ஏ16 5ஜி இந்தியாவுக்கு வந்துச்சு. 2025 பிப்ரவரி கடைசியில எம்16 5ஜி. அடுத்த மாசமே எஃப்16 5ஜி. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. மூணுலயும் மீடியாடெக் டைமன்சிட்டி 6300 சிப். மூணுலயும் 6.7 அங்குல அமோலெட் திரை. மூணுலயும் 5000 எம்ஏஹெச் பேட்டரி, 25 வாட் சார்ஜிங், பின்னாடி 50 மெகாபிக்சல் கேமரா. ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டு அப்டேட், ஆறு வருஷம் செக்யூரிட்டி அப்டேட்டுங்கிற வாக்குறுதியும் மூணுக்கும் ஒண்ணுதான். செட்டிங்ஸ்ல போய் மாடல் நம்பரைப் பார்த்தீங்கன்னா இன்னும் தமாஷ். ஏ166, எம்166, இ166!

அப்ப எழுத்து எதைச் சொல்லுது? போனைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. எந்த வாசல் வழியா விக்கணும்னு சொல்லுது. ஏ முக்கியமா கடைக்கு, எம் அமேசானுக்கு, எஃப் ஃபிளிப்கார்ட்டுக்கு. (இப்ப எம், எஃப் ரெண்டும் சில கடைகள்லயும் கிடைக்குது, அது வேற விஷயம்.) நம்ம புதுவயல் பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மில்லுல அரைச்ச அரிசி மூணு படம் போட்ட மூணு சாக்குல போறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம.

இது எப்ப ஆரம்பிச்சதுன்னும் சொல்லிடறேன். 2017 கடைசியில ஷாவ்மி இந்தியாவுல சாம்சங்கை முந்திச்சு. ஆன்லைன்ல மலிவா வித்துத்தான் முந்தினாங்க. சாம்சங் பதிலுக்கு 2019 ஜனவரியில எம்10, எம்20-ன்னு ஆன்லைனுக்குன்னே ஒரு வரிசையை இறக்குச்சு. 2020 அக்டோபர்ல எஃப்41 மூலமா ஃபிளிப்கார்ட்டுக்குத் தனியா ஒரு எழுத்து. ஏன் ஒரே பேர்ல விக்கலைங்கிறதுக்கு என் கணிப்பு இதுதான்: ஒரே பேர்ல ரெண்டு விலை போட்டா கடைக்காரர் சண்டைக்கு வருவார். பேரை மாத்திட்டா வாங்க வர்றவனுக்கே ரெண்டையும் எப்படி ஒப்பிடறதுன்னு தெரியாது. சண்டையும் வராது, கேள்வியும் வராது. 2025-ல ஏ17, எஃப்17, எம்17 வந்தப்பவும் இதே கதைதான். மூணுலயும் அதே எக்ஸினோஸ் 1330.

இப்ப பணத்துக்கு வருவோம். வந்த நேரத்து விலை சொல்றேன், நீங்க படிக்கும்போது மாறியிருக்கும். 8 ஜிபி ரேம், 128 ஜிபி மெமரி உள்ள ஏ16 விலை 18,999. அதே 8, 128 உள்ள எம்16 விலை 14,499. இது ஆயிரம் ரூபாய் பேங்க் ஆஃபர் கழிச்ச கணக்கு. ஆஃபர் கிடைக்காதுன்னே வெச்சுக்கிட்டாலும் 3,500 ரூபாய் வித்தியாசம். எங்க வகுப்புல பாதிப் பேருக்கு அது ஒரு மாச மெஸ் பில்லு. வீட்டுல நகையை அடகு வெச்சு ஃபீஸ் கட்டுற பசங்க இருக்கிற வகுப்பு இது. "மூவாயிரம்தானே மச்சி"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனா கடைக்காரரை வில்லனாக்க நான் தயாரா இல்லை. செக்காலை ரோட்டுல வாடகை குடுத்து, ரெண்டு பசங்களுக்குச் சம்பளம் குடுத்து உக்காந்திருக்கிறவர் என்ன விலைக்கு வாங்குறாரோ அதுக்கு மேலதான் விக்க முடியும். அதோட, அந்தக் காசுக்கு அவர் உண்மையாவே சில வேலை செய்றார். பழைய போன்ல இருக்கிற நம்பர், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாத்தையும் மாத்தித் தருவார். டெம்பர் கிளாஸ் ஒட்டித் தருவார். "தம்பி, சத்தம் வரமாட்டேங்குது"ன்னு ரெண்டாம் நாள் போய் நின்னா சைலன்ட்ல இருந்து எடுத்துவிட்டு சிரிச்சு அனுப்புவார். எங்க அப்பத்தாவுக்கு போன் வாங்கினா நான் கடையிலதான் வாங்குவேன். ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் சரி. நான் ஹாஸ்டல்ல இருக்கும்போது அவங்க யாரைக் கேப்பாங்க?

ஆனா நமக்கு? சைலன்ட் பட்டன் எங்க இருக்குன்னு தெரிஞ்சவனுக்கு எதுக்கு அந்த 3,500?

"கடையில வாங்கினாத்தான் வாரண்டி"ன்னு ஒரு பேச்சு இருக்கு. சுத்தப் பொய். ஒரு வருஷ வாரண்டி கம்பெனி குடுக்கிறது. சர்வீஸ் சென்டர்ல பில்லையும் அதுல இருக்கிற தேதியையும்தான் பார்ப்பாங்க, எந்த ஊர்ல வாங்கினேன்னு இல்லை.

இஎம்ஐ விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். கிரெடிட் கார்டு இல்லாத வீடுகளுக்குக் கடையில ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் இருந்தா தவணையில குடுத்துடறாங்க. அதுக்காகவே ஏ சீரிஸ் வாங்கறவங்க நிறைய. "வட்டியே இல்லை"ன்னு சொல்லுவாங்க. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது, அது வேற ஏதாவது பேர்ல உள்ள ஒளிஞ்சிருக்கும்னு வங்கிகளுக்கு எழுதிடுச்சு. அதனால ஃபைல் சார்ஜ், இன்சூரன்ஸ்னு என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு கேட்டு, மொத்தம் எவ்வளவு கட்டுறோம்னு ஒரு தாள்ல கூட்டிப் பாருங்க. அப்புறமா அந்த மொத்தத்தை எம் சீரிஸ் விலையோட வெச்சுப் பாருங்க. சில சமயம் ஆறு மாசம் பழைய போனை ஓட்டிக் காசு சேர்த்து வாங்கறதே உத்தமம்னு தோணும்.

ஆன்லைன்ல வாங்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. சாக்கோட்டையும் ரெண்டு மாடல்! ஒண்ணு வீரசேகரர் கோயில் இருக்கிற நம்ம சாக்கோட்டை. இன்னொண்ணு கும்பகோணம் பக்கத்துல. முகவரி போடும்போது பின்கோடு 630-ல ஆரம்பிக்குதா, 612-ல ஆரம்பிக்குதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க :-)

ரேம் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எம்16 விளம்பரத்துல வந்த 11,499 ரூபாய் 4 ஜிபிக்கு. அப்டேட் ஆறு வருஷம் வரும்னு சொல்லிட்டு 4 ஜிபியில அதை ஓட்டச் சொன்னா போன் மூச்சு வாங்கும். மெமரி பத்தலைன்னா கார்டு போட்டுக்கலாம், ரேமுக்குக் கார்டு கிடையாது. 6 ஜிபி குறைஞ்சபட்சம், முடிஞ்சா 8.

இன்னொண்ணு. அந்த ஆறு வருஷம் நீங்க வாங்கின நாள்ல இருந்து எண்ண மாட்டாங்க, மாடல் வெளிவந்த நாள்ல இருந்துதான் எண்ணுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த மாடலை "நல்ல டிஸ்கவுன்ட்"ல வாங்கினா கைக்கு வர்றது நாலு வருஷம்தான். கடையா இருந்தாலும் ஆன்லைனா இருந்தாலும் விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி, இந்த மாடல் எப்ப வந்ததுன்னு கேளுங்க.