முளை தந்தவர் யார்?

சீமான்கள் ஆடும் கோல்ப் ஆட்டத்துக்கும், பட்டறையிலே வியர்வை சிந்தும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் கேட்கலாம். ஆட்டத்தோடு நமக்குத் தொடர்பில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் பந்தைத் தாங்கி நிற்கிறதே ஒரு சின்னஞ்சிறு மரமுளை, அதன் கதையோடு நமக்கு நிறையத் தொடர்பு உண்டு.

அந்த முளைக்கு 'டீ' என்று பெயர். நாம் கடையில் நின்று குடிக்கும் டீ அல்ல! தரையில் குத்தி, தலையில் பந்தை வைத்து, முதல் அடி அடிப்பதற்கான முளை. அது வருமுன் ஆட்டம் தொடங்கும் இடத்தில் மணற்பெட்டி வைத்திருப்பார்கள். ஆட்டக்காரரோ, அவருடைய பையைச் சுமந்துவரும் கூலியாளோ குனிந்து, ஈரமணலைப் பிடித்துக் கூம்பாக்கி, உச்சியில் பந்தை நிறுத்தவேண்டும். கை அழுக்காகும், கூம்பு ஒருமுறை போல் மறுமுறை வராது. அதுதான் வழக்கம் என்று இருந்துவிட்டார்கள்.

வழக்கத்தை மாற்றியவர் யார்? ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பொழுதுபோக்காக ஆடிய ஒரு பல் மருத்துவர். பெயர் ஜார்ஜ் பிராங்க்ளின் கிராண்ட். 1846இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். பெற்றோர், அடிமைத்தளையில் கிடந்து மீண்டவர்கள். மகனோ ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளியில் படித்து 1870இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். ஹார்வர்டில் ஆசிரியப் பணி ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அண்ணப் பிளவுடன் பிறந்தவர்கள் தெளிவாகப் பேசுவதற்குச் செயற்கை அண்ணம் செய்து தந்த கை அவருடைய கை.

அந்தக் கைதான் மரத்தைச் சீவி முளையாக்கி, அதன் தலையில் பந்து அமர ரப்பர்க் குழாய் பொருத்தியது. 1899 டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்க அரசு அதற்குக் காப்புரிமை வழங்கியது. எண் 6,38,920. பந்துத் தாங்கி செய்து காப்புரிமை பெற்றவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. 1889இல் பிரிட்டனில் இருவர் பெற்றனர். அது தரைமேல் வைக்கும் ரப்பர்த் தாங்கி. இதுவோ மண்ணில் குத்தும் மரமுளை.

கிராண்ட் அதை விற்கவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்தார், தாமும் ஆடினார், 1910இல் மறைந்தார். அன்றைய சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. 1916உடன் அது முடிந்தது.

1920களில் வில்லியம் லோவெல் என்ற இன்னொரு பல் மருத்துவர் வந்தார். அவரும் மரமுளை செய்தார். சிவப்புச் சாயம் பூசினார். 'ரெட்டி டீ' என்று பெயரிட்டார். புகழ்பெற்ற ஆட்டக்காரர் வால்டர் ஹேகனுக்குப் பணம் கொடுத்து அதை ஊரறியச் செய்தார். விற்பனை பெருகிற்று. முளை தந்தவர் லோவெல் என்றே நாடு நம்பிற்று.

லோவெல் திருடினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் சட்டத்தை மீறவில்லை. "கிராண்டே பணத்தை நாடாதபோது உமக்கென்ன ஆத்திரம்?" என்று சிலர் கேட்பர். பணத்தை வேண்டாமென்றது அவருடைய பெருந்தன்மை. ஆனால், பெயரும் வேண்டாமென்று அவர் எங்கே சொன்னார்? ஊதியம் வேறு, உரிமை வேறு! ஒருவர் கூலி வாங்காமல் வீடு கட்டித் தந்தால், கட்டியவர் அவரல்லர் என்று ஆகிவிடுமா?

இன்னும் கேளுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ப் ஆட்டக்காரர் சங்கம் 1934இல் ஒரு விதியை எழுதி வைத்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பதே அந்த விதி. 1961 வரை அதை நீக்கவில்லை. கறுப்பர் கண்ட முளை வேண்டும், கறுப்பர் வேண்டாம்! 27 ஆண்டுகள் நடந்த இந்த அநீதிக்கு நாகரிகம் என்றா பெயர்?

ஆனால் எழுத்து அழியவில்லை. விளம்பரம் மறைத்ததைக் காப்புரிமை ஏடு காத்து வைத்திருந்தது. 1991இல் அமெரிக்கக் கோல்ப் சங்கம், மரமுளையைக் கண்டவர் கிராண்டே என ஏற்றது. அவர் மறைந்து 81 ஆண்டுகள் கழித்து!

தோழர்களே, எந்திரத்தின் அருகில் நாள்தோறும் நிற்பவனுக்கே அதன் குறை தெரியும். குறை தெரிந்தவனுக்கே மாற்று தோன்றும். தோன்றியதை வாயோடு விட்டுவிடாதீர்கள். படம் வரையுங்கள், நாள் குறியுங்கள், ஊருக்குக் காட்டுமுன் உரிமைக்கு விண்ணப்பியுங்கள். காட்டிய பிறகு கேட்டால் புதுமை இல்லை என்று சட்டம் கைவிரிக்கக்கூடும். தனியாளால் இயலாவிடில் சங்கம் துணை நிற்கட்டும். கூலி உயர்வு கேட்கும் சங்கம், உறுப்பினரின் மூளைக்கும் காவல் நிற்கவேண்டாமா?

கிராண்டுக்கு 81 ஆண்டுகள் கழித்து வந்த நீதி, உழைப்பவன் உயிரோடு இருக்கும்போதே வரவேண்டும். அதற்கு முதல் வேலை, எழுதி வைப்பது.