எங்கள் ஊரில் எங்களுக்கு இடம் எங்கே?

திருகோணமலையில் நல்லிணக்கம் பேச வருகிறவர்களே, சம்பூர்ச் சனம் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். மண்டபத்தில் மூவினத்தாரையும் வரிசையாக உட்காரவைத்துக் குத்துவிளக்கு ஏற்றுகிறீர்கள். எல்லோரையும் அரவணைக்கும் மாவட்டமாக இது மாற வேண்டும் என்கிறீர்கள். எங்களை யார் அரவணைத்தது? கொட்டியாரக் குடாவின் தென்கரையில், துறைமுகத்துக்கு எதிர்ப்புறம், வயலையும் கடலையும் நம்பிக் கிடந்த எங்களை ஒன்பது வருடம் வெளியே நிறுத்தினீர்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தளபதிமீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதற்குப் பதிலடியாகக் குண்டு விழுந்தது எங்கள் தலையில். ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள். காய்ந்தது சிங்களவர் வயல் மட்டுமா? முஸ்லிம்களின் வயலும் தமிழரின் வயலும் சேர்ந்தே காய்ந்தன. ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டதும் முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியது. நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெருகல், வாகரை என்று மட்டக்களப்புவரை ஓடினோம். அதே மாதம் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. சண்டை ஓய்ந்ததே, இனி வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தோம். 2007இல் ஊரையே உயர் பாதுகாப்பு வலயமாக்கி வர்த்தமானியில் போட்டார்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டிலுக்குள் வெந்தோம். உறுதி எங்கள் கையில், காணி கம்பிவேலிக்குள்ளே! தாத்தா வெட்டிய கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள முடியாமல், முகாமில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களின் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியுமா?

எங்களுக்குத்தான் கதவு பூட்டு. மற்ற எல்லோருக்கும் அது திறந்தே கிடந்தது. இந்தியாவுடன் சேர்ந்து 500 மெகாவாட் அனல் மின்நிலையம் என்றார்கள். கனரகத் தொழிற்சாலைகளுக்கென்று 818 ஏக்கரை ஒதுக்கினார்கள். கடற்படை முகாம் 237 ஏக்கரில் இருந்தது. 2015இல் ஆட்சி மாறிய பிறகுதான் அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி இரத்தானது. கடற்படை இடம் மாறி, மிச்சக் காணி கைக்கு வர 2016 ஆயிற்று. அதே 2016இல் அனல் மின்நிலையத்தையும் கைவிட்டார்கள். அந்த மின்நிலையத்திலிருந்து ஒரு விளக்குக்கூட எரியவில்லை. எரிந்தது எங்கள் வாழ்க்கை!

திரும்பி வந்து பார்த்தால் ஊர் எங்கே? வீடுகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். வேலியில்லை, எல்லையில்லை. எது யாருடைய வளவு என்று கிழவர்களைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊரின் ஒழுங்கை தெரியாது. அவர்கள் இழந்த அந்த வருடங்களுக்கு எந்தக் கச்சேரியில் நட்டஈடு எழுதுவார்கள்?

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின்நிலைய வேலையைத் தொடக்கிவைத்தார்கள். ஜூலையில் எங்கள் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றத் தோண்டிய மண்ணிலிருந்து மனித எலும்புகள் வெளிவந்தன. 1990 ஜூலையில் கொல்லப்பட்ட எங்கள் உறவுகளின் நினைவிடம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிச்சம் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. இந்த மண்ணில் எது நட்டாலும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றுதான் கேட்கிறோம். முத்துநகர் விவசாயிகளும் அதே வருடம் சூரிய மின்திட்டங்களுக்கு வயலைப் பறிகொடுத்து மாவட்டச் செயலகத்தின் முன் குந்தியிருந்தார்கள். அவர்களும் இதைத்தான் கேட்டார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்மீது எங்களுக்குக் கோபமில்லை. மூதூர்ச் சந்தையும் தோப்பூர் வயலும் சேருநுவர வாய்க்காலும் இல்லாமல் எங்கள் பிழைப்பு நடக்காது. சேர்ந்திருக்க எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒருவன் வீட்டைப் பறித்துவிட்டு அவனை அயலவனோடு சமாதானமாக இரு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆகவே விளக்கேற்றுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். பிணக்கிலுள்ள காணிகளைத் தீர்த்து, உரியவர் பெயரில் உறுதி கொடுங்கள். திட்டம் எதுவானாலும் ஒப்பந்தம் எழுத முன்பு ஊர்க்கூட்டம் வையுங்கள், எங்கள் மறுப்பையும் பதியுங்கள். எலும்புகள் யாருடையவை என்று கண்டுபிடித்துப் பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தமிழனுக்குச் செய்வதைப் போலவே முஸ்லிமுக்கும் சிங்களவனுக்கும் செய்யுங்கள். சொந்தக்காரனைத் துரத்திய ஊர் வேறு எவரையும் வரவேற்றதாகக் கணக்கில்லை.