காப்பை அடகு வைக்காமல் ஒரு கெமரா



போன கிழமை ஸ்கூல் விட்டு வெளியே வரும்போது, முன்பு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியின் உம்மா கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றார். பிள்ளை ஏ.எல் எழுதி முடித்துவிட்டாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் போட்டோ எடுக்கிற வேலையைப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

"டீச்சர், இவளுக்கு கெமரா ஒண்டு வாங்கணுமாம். கடையில புதுசு, ரெண்டு லென்ஸோட செட்டா இருக்காம். கையில ரெண்டு காப்புக் கிடக்கு. அடகு வெச்சி எடுத்துக் குடுப்பம் எண்டு பாக்கன். நீங்க என்ன சொல்றீங்க?"

"கொஞ்சம் பொறுங்க ராத்தா, ரெண்டு நாள் தாங்க, நான் சொல்றன்" என்று அனுப்பி வைத்தேன். இதே கேள்வியை வேறு பல பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் ராத்தாவுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில்முறை போட்டோகிராபர் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. எனக்கு அப்போது ஓ.எல் வயது. வாப்பாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் மிஞ்சியது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம், முகம் தெளிவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம் கிடைத்ததும் நான் கெமரா வாங்கியது அதனால்தான்.

வாங்கியதில் பிழையும் விட்டேன். அந்த ராத்தா சொன்ன மாதிரியே ஒரு செட். புதுக் கெமரா, சின்ன லென்ஸ் ஒன்று, நீளமான ஸூம் லென்ஸ் ஒன்று, பை, ஸ்டாண்ட், ஃபில்டர். நீள லென்ஸைப் பார்த்ததும் பெரிய போட்டோகிராபர் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். அதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை என்பது எனக்குத் தெரியாது. முதல் வலீமாவில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கலங்கிப் போயின. மாப்பிள்ளையின் உம்மா முகமே தெரியவில்லை. தவணை கட்டி முடிக்க ஒன்றரை வருஷம். முடிவதற்குள் ஸ்டாண்ட் உடைந்துவிட்டது.

அதனால் என் கருத்து இதுதான். முதல் கெமரா கடனில் வரக்கூடாது. பழையது போதும். மிச்சம் பிடிக்கிற சல்லியில் வெளிச்சத்தை நன்றாக வாங்குகிற சின்ன லென்ஸ் ஒன்றை எடுங்கள்.

முதலில், டி.எஸ்.எல்.ஆர் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கிற ஆட்கள், கோணேசர் மலையடிக் கடல், வீட்டுப் பிள்ளைகளின் சிரிப்பு, இவற்றுக்கு இப்போதைய போன் போதும். வெளிச்சம் குறைந்த மண்டபம், ஓடித் திரியும் பிள்ளைகள், தூரத்தில் இருக்கிற பறவை, பெரிதாக அச்சடிக்க வேண்டிய கல்யாண அல்பம் என்று வரும்போதுதான் போன் தடுமாறும். அந்தத் தேவை உங்களுக்கு இல்லையென்றால் இந்தச் செலவும் வேண்டாம்.

தேவை இருந்தால், இப்போது பழைய டி.எஸ்.எல்.ஆர் வாங்குவது நமக்கு வாய்ப்பான காலம். 2018இல் கேனன் 'ஆர்' வரிசையையும் நிக்கான் 'இஸட்' வரிசையையும் கொண்டுவந்தன. உள்ளே கண்ணாடி இல்லாத இந்தப் புது வகைக்கு, வசதியுள்ள போட்டோகிராபர்மார் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைவிடுகிற டி.எஸ்.எல்.ஆர் கெமராக்கள் நம்மிடம் வருகின்றன. "பழைய மொடல்தானே" என்று முகம் சுளிக்க வேண்டாம். 2013இல் வந்த கேனன் 700டியும் 2016இல் வந்த 1300டியும் 18 மெகாபிக்ஸல். 12க்கு 18 அங்குலத்தில் அல்பப் பக்கம் அச்சடிக்க அது போதும். 2013இல் வந்த நிக்கான் டி5300, 2018இல் வந்த டி3500, அதே வருஷம் வந்த கேனன் 1500டி, இவை மூன்றும் 24. பழகுகிற பிள்ளைக்கு இவற்றில் எது கிடைத்தாலும் சந்தோஷம்தான். விலை கிழமைக்குக் கிழமை மாறுவதால் இங்கே எழுதவில்லை. நாலு இடத்தில் விசாரியுங்கள்.

கேனனா நிக்கானா என்று சண்டை பிடிக்க வேண்டாம். உங்கள் நானாவிடமோ சாச்சாவிடமோ எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். லென்ஸ் இரவல் வாங்கலாம், சந்தேகம் கேட்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம். நிக்கானின் 3000, 5000 வரிசைக் கெமராக்களுக்குள் லென்ஸைத் திருப்புகிற மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-டி' என்று எழுதிய பழைய லென்ஸை அதில் பூட்டினால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இனி லென்ஸ். சல்லி போக வேண்டியது இங்கேதான், ஆனால் அளவோடு.

கெமராவோடு வருகிற 18-55 லென்ஸை ஏளனம் செய்யாதீர்கள். சின்ன அறைக்குள் பத்துப் பேரை ஒன்றாக எடுக்க அதுதான் உதவும். அதன் குறை, வெளிச்சத்தைக் குறைவாகவே உள்ளே விடும் என்பது. லென்ஸ் முகப்பில் 3.5-5.6 என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் சிறியதாக ஆக, வெளிச்சம் வருகிற வாசல் பெரியது. 55 வரை ஸூம் பண்ணினால் இந்த லென்ஸ் 5.6க்குப் போய்விடும்.

இதற்குப் பக்கத்தில் 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸை வையுங்கள். கேனன், நிக்கான் இரண்டிலும் மலிவான லென்ஸ்களில் இது ஒன்று. ஸூம் இல்லை, பார்க்கவும் சின்னது. ஆனால் 5.6ஐ விட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே எடுக்கும். மண்டபத்தில் அந்த 18-55 லென்ஸ் ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், இதற்கு இருநூறில் ஒரு பங்குக்குக் கிட்டப் போதும். இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் மணமகளின் கை அசைந்துவிடும், பிள்ளை தலையைத் திருப்பிவிடும். என் முதல் வலீமாப் படங்கள் கலங்கியதற்குக் காரணம் இதுதான். கெமராவை மாற்றியிருந்தாலும் அவை கலங்கித்தான் இருக்கும்.

50இலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆரம்ப நிலைக் கெமராக்களில் உள்ளே இருக்கிற சென்சர் சிறியது. அதனால் 50 மில்லிமீட்டர், கேனனில் 80 போலவும் நிக்கானில் 75 போலவும் நெருக்கமாகக் காட்டும். ஓர் ஆளின் முகத்துக்கு அழகு. ஆனால் நம் வீட்டு அறைகளில் பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பதாக இருந்தால் நிக்கான்காரருக்கு 35 மில்லிமீட்டர் 1.8 நல்லது. கேனன்காரருக்கு 24 மில்லிமீட்டர் 2.8 என்று தட்டையான சின்ன லென்ஸ் ஒன்று உண்டு. 50 அளவு வெளிச்சம் எடுக்காது, ஆனால் அறைக்குள் வசதி.

நீள ஸூம் லென்ஸ் கடைசியில். கோட்டைக்குள் திரிகிற மான்களையும், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நம் கடலுக்கு வருகிற திமிங்கிலங்களையும் எடுக்க ஆசை வந்தால் அப்போது பார்க்கலாம். வாங்கும்போது கேனனில் 'ஐஎஸ்', நிக்கானில் 'விஆர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கத்தைத் தாங்குவது அதுதான். நான் பார்க்காமல் விட்டதும் அதுதான்.

பழையது வாங்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். லென்ஸைக் கழற்றி, போன் டோர்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பாருங்கள். கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எண்ணை 16இல் வைத்து வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சரில் அழுக்கு இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். எல்லாப் பட்டனையும் அழுத்துங்கள், ஃபிளாஷ் அடியுங்கள், கார்டைப் போட்டு எடுங்கள். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு நிக்கான் படங்களுக்குள்ளேயே பதிவாகும், கம்ப்யூட்டரில் பார்க்கலாம். டி3500இன் ஷட்டரை ஒரு இலட்சம் தடவை அடித்துப் பரிசோதித்ததாக நிக்கான் சொல்கிறது. பத்தாயிரத்தில் நிற்கிற கெமரா இன்னும் இளசு என்று அர்த்தம்.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் ஈரமும். பையில் பூட்டி அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மா உள்ளே போகும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், ஒரு மணல் போதும். கடற்கரையில் இருந்து வந்தால் வெளிப்புறத்தை இலேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பழகுகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. நாம் இருப்பது துறைமுக ஊர். கடற்படை இருக்கிற பக்கம், சீனக்குடா விமானத்தளம், கோட்டைக்குள் உள்ள இராணுவ முகாம், இவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். பழக வேறு இடமா இல்லை? சுபஹுக்குப் பிறகு கிண்ணியாப் பாலத்தடியில் தோணிகள் நிற்கிற நேரத்து வெளிச்சம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. மீன்காரரை எடுக்க முன்னம் ஒரு ஸலாம் சொல்லி, எடுக்கவா என்று கேளுங்கள்.

கல்யாணப் படம் எடுக்கப் போகும் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக. பெண்கள் பக்கத்துக்கு ஆண் போட்டோகிராபர் வேண்டாம் என்று சொல்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அதனால் உங்களுக்கு வேலை இருக்கிறது. பெற்றோர் இதை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கார்டில் இருப்பது அடுத்த வீட்டுப் பெண்களின் அமானிதம். உங்கள் வேலைத் திறமையைக் காட்ட என்று ஒரு படத்தைக்கூட அனுமதி இல்லாமல் யாருக்கும் அனுப்பக்கூடாது. கொடுத்து முடிந்ததும் கார்டை அழித்துவிடுங்கள்.

இப்போது ராத்தாவின் காப்புக்கு வருகிறேன். அடகுக்கும் லீசிங்குக்கும் வட்டி உண்டு, அது நமக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். கணக்கையும் பாருங்கள். பழகாத பிள்ளைக்கு முதல் வருஷம் வருமானம் வருவது நிச்சயமில்லை. வட்டி மட்டும் மாதாமாதம் நிச்சயம். வராத சல்லியை நம்பி, போகிற சல்லிக்குக் கையெழுத்து வைக்கக்கூடாது. காப்பு மூழ்கிப் போனால், பிள்ளை வாழ்நாள் முழுக்க அந்தக் கெமராவைப் பார்க்கும்போதெல்லாம் உம்மாவின் வெறுங்கையைத்தான் பார்ப்பாள். எந்தப் பிள்ளை அந்தப் பாரத்தோடு நல்ல படம் எடுக்கும்?

ராத்தாவிடம் சொன்னேன். "காப்பு உங்க கையிலேயே கிடக்கட்டும். என்ட பழைய கெமராவையும் 50 லென்ஸையும் ரெண்டு மாசத்துக்குக் கொண்டு போகட்டும். ஆயிரம் படம் எடுத்துட்டு வரட்டும். அதுக்குப் பிறகும் ஆசை குறையல்ல எண்டா, இன்ஷா அல்லாஹ், பழசு ஒண்டு தேடி எடுப்பம்." பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டு போனாள். பையைத் தோளில் போடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது.

கடைசியாக ஊர் மக்களிடம் ஒரு கேள்வி. கட்டாரில் இருந்து மச்சான் கொண்டு வந்தது, சவூதியில் இருந்து தம்பி அனுப்பியது என்று எத்தனை வீட்டு அலுமாரிகளில் கெமராக்கள் தூங்குகின்றன? இரண்டு பெருநாளுக்கு எடுத்துவிட்டுப் பூட்டி வைத்தவை. இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் பூஞ்சணம் பிடித்து யாருக்கும் உதவாது. இன்றைக்கு வெளியே எடுத்து, பற்றரியைச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால் பழக ஆசைப்படுகிற ஒரு பிள்ளைக்கு இரவல் கொடுங்கள், அல்லது நியாயமான விலைக்கு வட்டியில்லாமல் தவணையாகக் கொடுங்கள். எனக்குச் சொன்னாலும் சரி, அப்படிக் கேட்டு நிற்கிற பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் என்னிடம் இருக்கிறார்கள்.

நான் சொன்னதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.