அடுத்த வீட்டுத் தேனீ



நம் தோப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் காணும் சிறு தேனீப் பெட்டிக்கு ‘நியூட்டன் பெட்டி’ என்று பெயர் வந்த காரணத்தை நம்மவரிற் பலர் அறியார். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய சேசு சபைக் குரு நியூட்டன் அடிகளாரே அதனை அமைத்தவர். மேல்நாட்டுப் பெட்டிகள் நமது அடுக்குத் தேனீக்குப் பெரிதாயிருந்தமையால், அதன் அளவுக்கேற்ப இதனைச் செய்தார். 1911 முதல் 1917 வரை நாட்டுப்புற மக்களுக்குத் தேனீ வளர்ப்பையும் கற்பித்தார். பாஸ்கா இரவில் மெழுகுதிரியை வாழ்த்தும் இலத்தீன் பாடலிலேயே தேனீயின் உழைப்புக்கு இடமளித்த திருச்சபையின் குருவுக்கு இஃது ஏற்ற பணியே.

ஆனால் அந்தப் பெட்டியினாலேயே, நாமக்கல் பகுதியில் நாம் பணியாற்றிய பங்கொன்றில், இரு குடும்பங்கள் பேச்சற்றுப் போயின. ஒருவர் இரண்டு பெட்டிகளை மதிலோரம், அடுத்த வீட்டு முற்றத்தை நோக்கி வைத்திருந்தார். பங்குனி வெயில் ஏற, தேனீக்கள் நீர் தேடி அவ்வீட்டுத் தொட்டியில் மொய்த்தன. ஆறு வயதுச் சிறுவனைக் கண்ணருகே கொட்டிவிட்டது. “பெட்டியைக் கொளுத்துவேன்” என்றார் தகப்பனார். ஞாயிறு திருப்பலியில் சமாதானம் கூறும் வேளையில் இருவரும் முகம் திருப்பிக்கொண்டதைப் பீடத்திலிருந்து நாமே கண்டோம்.

பிழை பெட்டிக்காரருடையதே என்று தயங்காமற் கூறினோம். “அது என் நிலம், சாமி” என்றார். நிலம் அவருடையதுதான், தேனீ பறக்கும் வெளி யாருடையது? வாயிலுக்கெதிரே ஆளுயர வேலியோ தட்டியோ இருப்பின், அது மேலெழும்பி மனிதர் தலைக்கு மேலாகச் செல்லும். கூழாங்கல் இட்ட தட்டில் தம் தோட்டத்திலேயே முன்னரே நீர் வைத்திருப்பாராயின், அண்டை வீட்டுத் தொட்டியை அது பழகியிராது.

பெட்டியைப் பத்தடி தள்ளி வைத்தாற் போதுமென்று நாம் எண்ணியது அறியாமை. தேனீ இடத்தை நினைவிற்கொள்ளும். பழைய இடத்துக்கே வந்து அலையும். ஆகவே இரவில் வாயிலை அடைத்து, இராசிபுரம் பக்கத்து உறவினர் தோப்பிற் சில வாரம் விட்டுவைத்து, பின்னர் தோட்டத்தின் மறுகோடியில் கிளுவை வேலியைப் பார்த்து வைத்தார். இப்போது பெட்டியைத் திறக்குமுன் அடுத்த வீட்டுக்குச் சொல்லியனுப்புகிறார்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்: கொட்டினால், கொடுக்கை உடனே நகத்தாற் சுரண்டி எடுத்துவிடுங்கள். உடலெங்கும் தடிப்போ மூச்சுத் திணறலோ கண்டால், சுண்ணாம்பு தடவிக் காலங்கடத்தாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

முதல் தேன் எடுத்ததும் ஒரு புட்டி மதிலைத் தாண்டிப் போயிற்று. சிறுவனின் தாய் வாங்கிக்கொண்டார். சிறுவன் மட்டும் இன்னும் அதைத் தொடவில்லையாம்.