வரைபடத்தில் இல்லாத கால்



போன மாதம் முதியோர் பென்ஷன் வாங்க ஒரு ஆயா என் கவுண்டருக்கு வந்தாங்க. வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் மரப்பட்டை மாதிரி தடித்துக் கிடந்தது. செருப்பு நுழையாமல் துணி சுற்றியிருந்தாங்க. வரிசையில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் ரெண்டடி இடம் விட்டு நின்றார்கள். அது காலுக்காக விட்ட இடமா, தெருவுக்காக விட்ட இடமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. “நோயி ஒழிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி. காலு மட்டும் அப்படியே கெடக்கு” என்றார்.

யானைக்கால் நோயின் உலக வரைபடம் எப்படி உருவாகிறது என்று தேடிப் படித்தேன். இந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உடம்புக்குள் பதுங்கியிருந்து, கொசு கடிக்கிற நடுராத்திரியில்தான் தோலருகே ரத்தத்துக்கு வரும். அதனால்தான் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சேரிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் லைட்டோடு வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தினார்கள். பிறகு பகலிலேயே சோதிக்கிற அட்டை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2000இல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் வரைபடம் வேகமாக நிரம்பியது. சந்தேகப்படுகிற மாவட்டத்தில் ஒன்றிரண்டு ஊர், ஊருக்கு நூறு பேர் வரை சோதனை. நூற்றுக்கு ஒருவருக்கு இருந்தால் மாவட்டம் முழுக்க ஒரே நிறம், எல்லோருக்கும் மாத்திரை. மருந்து கொடுக்க இது நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிறத்துக்குள் ஊர் எது, சேரி எது என்று தெரியாது.

கொசுவுக்குத் தெரியும். நம் பக்கத்தில் இதைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசுவுக்குத் தேங்கின சாக்கடையும் கக்கூஸ் குழியும் போதும். ஒரு கடியில் வருகிற நோயுமல்ல இது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடி வாங்கியாக வேண்டும். அப்படிக் கடி வாங்க யாரை எங்கே குடிவைத்தார்கள்?

அமெரிக்கக் கண்டங்களின் வரைபடமும் இதையே கேட்கிறது. அங்கே இந்தப் புழு ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிய கப்பல்களில்தான் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த பார்படோஸ் தீவில் அது இவ்வளவு பெருகி, நோய்க்கே ‘பார்படோஸ் கால்’ என்று பெயர் வந்தது. அடிமைச் சந்தை நடந்த துறைமுகமான சார்ல்ஸ்டனிலும் இருந்தது. அங்கே குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்தபின் நோய் மறைந்தது. இதற்கான டிஇசி மருந்து 1947இல்தான் வந்தது. அதாவது, மாத்திரை இல்லாமலே போயிற்று! சாக்கடை போடாத இடங்களில் தங்கிவிட்டது. 2000க்குப் பிறகு அந்தக் கண்டங்களில் மிஞ்சியவை நான்கே நாடுகள்: ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு, கயானா, பிரேசில். பிரேசிலில் கடைசியாக மிஞ்சியது ரெசிஃபி நகரமும் அதன் சுற்றுப்புறமும். அதுவும் அடிமைகள் இறங்கிய துறைமுகம்தான். 2024இல் பிரேசிலையும் ஒழித்த நாடாக அறிவித்தார்கள். இலங்கைக்கு 2016லேயே அந்தப் பெயர் கிடைத்தது.

சாதனைதான். 2018இல் உலகில் தொற்று உள்ளவர்கள் 5.1 கோடி; 2000இல் இருந்ததைவிட 74 சதவீதம் குறைவு. ஆனால் வரைபடத்தின் நிறத்தை முடிவு செய்வது ரத்தத்தில் இருக்கிற புழு. புழு செத்தாலும் அது கெடுத்த நிணநீர்க் குழாய்கள் திரும்ப வருவதில்லை. கால்வீக்கமும் விரைவீக்கமும் சுமக்கிறவர்கள் குறைந்தது 3.6 கோடிப் பேர். அவர்களையும் கணக்கெடு, கவனி என்று ஒழிப்புச் சான்றின் நிபந்தனை சொல்கிறது. காகிதத்தில் இருக்கிறது. விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு, வெட்கத்தால் ஆண்கள் போவதில்லை. காலுக்கு வைத்தியம் ரொம்ப எளிது: தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரம் துடைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். புண் வழியாகக் கிருமி நுழைந்து அடிக்கடி காய்ச்சல் வருவதை இதுவே தடுக்கும். அதற்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவில் குழாய் ரெண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது.

அடுத்த இதழுக்காக ஒரு வேலை. உங்கள் ஊரையும் சேரியையும் நடந்து பார்த்துக் கையால் ஒரு படம் போடுங்கள். சாக்கடை எங்கே தொடங்கி எங்கே தேங்குகிறது, குழாய் எங்கே நிற்கிறது, வீங்கின காலோடு எத்தனை பேர், அவர்களைப் பார்க்கக் கடைசியாக நர்ஸ் வந்தது எந்த வருஷம். ஆட்களின் பெயர் வேண்டாம், தெருவின் பெயர் போதும். ஆயாவின் தெருவை நான் போடுகிறேன்.